நெஞ்சில் மாட்டிய காது

என்னிடம் பேச வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். கிட்டே வந்து, குனிந்து, என் காதுக்குள் கத்துகிறார்கள். என் காது அங்கே இல்லை. அங்கே இருப்பது சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு குமிழ். அதிலிருந்து ஓர் ஒயர் கழுத்து வழியாக இறங்கி, ரவிக்கைக்குள் இருக்கிற சின்னப் பெட்டிக்குப் போகிறது. பெட்டி சிகரெட் பாக்கெட் அளவு. சத்தத்தை வாங்குகிற துளைகள் அந்தப் பெட்டியில்தான் இருக்கின்றன. ஆகவே என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என் நெஞ்சைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இதை ஒரு பெண்பிள்ளை ஊராரிடம் எப்படி விளக்குவாள்? நான் விளக்கவில்லை. கத்திவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்த வாரம் எங்கள் தறியில் பாவு நூல் தீர்ந்துவிட்டது. புதுப் பாவு வர நாலைந்து நாள் ஆகும். சும்மா இருக்கிற நேரத்தில் மகளின் பழைய நோட்டில் இதை எழுதுகிறேன். எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு பெண்கள், நான் போட்டுக்கொண்ட அதே ஊசியைப் போட்டுக்கொள்கிறார்கள். ஊசி வேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்ல வரவில்லை. அந்த ஊசி இல்லாவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். காதில் ரீங்காரம் கேட்டால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். நான் சொல்லத் தாமதித்தேன்.

எனக்கு வந்தது காசநோய். பட்டணத்துக்கு வெளியே இருந்த சானடோரியத்தில் பத்து மாதம் கிடந்தேன். மூன்று மாதம் தினமும் இடுப்பில் ஊசி. என் வீட்டுக்காரர் மாதம் ஒருமுறை வருவார். வாசற்படியைத் தாண்டி உள்ளே வர மாட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், வீட்டில் குழந்தை இருக்கிறது. வறுத்த வேர்க்கடலைப் பொட்டலத்தை நர்ஸிடம் கொடுத்துவிட்டு, அங்கேயே நின்று கையை ஆட்டுவார். ஒவ்வொரு தடவையும் அதே கடலை, அதே கடைப் பொட்டலம். அந்தப் பொட்டலக் காகிதத்தைக்கூட நான் எழுத்து விடாமல் படித்துவிடுவேன்.

இருமல் நின்றது. உடம்பு தேறியது. அதற்குள் காதில் ஒரு சத்தம் வந்து உட்கார்ந்துகொண்டது. கோயில் மணியை அடித்து ஓய்ந்த பிறகு ஒரு கார்வை நிற்குமே, அது ஓயாமல் நின்றால் எப்படி இருக்கும், அப்படி. பலவீனம், சாப்பிட்டால் சரியாகும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். முதலில் மெல்லிய சத்தங்கள் போயின. வளையல், சீப்பு, பால் பொங்குகிற சத்தம். அப்புறம் எழுந்து நடந்தால் தரை சாய்ந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கடைசியில் மனிதர்கள் பேசுவது போயிற்று. வீடு திரும்பிய அன்று மாமியார் என் முகத்தருகே வந்து கத்தினார்கள்.

"தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சுன்னு நெனச்சிக்கோடி!"

அது சரிதான். ஆனால் போன தலைப்பாகை எனக்குத் தேவைப்பட்டது. அது ஏன் என்று சொல்ல வேண்டும்.

நாங்கள் நெய்வது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தறியிலேயே ஊடைக்கு ஊடை, ஒவ்வொரு குறுக்கு நூலுக்கும், கோத்துக்கொண்டே போக வேண்டும். ஒற்றை ஆளால் ஆகாது. தறிக் குழியில் காலை விட்டு என் வீட்டுக்காரர் உட்கார்ந்தால், இடது பக்கம் இன்னோர் ஆள் உட்கார்ந்து, கரை நூலைக் கொண்டுபோகிற நாடாக் கட்டையைப் போட வேண்டும். அவர் "ம்" என்பார், நான் போடுவேன். அவர் "ம்", நான். ஏழு வருஷம் அப்படி. நடுவில் பேசிக்கொண்டே இருப்போம். வீட்டில் எங்களுக்கென்று தனி அறை கிடையாது. தறிதான் எங்கள் அறை. மூன்று தறிகள் ஓடுகிற கூடத்தில் நாங்கள் பேசுவது வேறு யாருக்கும் கேட்காது.

திரும்பி வந்தபோது என் இடத்தில் மல்லிகா உட்கார்ந்திருந்தாள். மல்லிகா என் ஓர்ப்படி, கொழுந்தனார் மனைவி. ஐயம்பேட்டையில் நெசவு வீட்டில் பிறந்தவள், கை சுத்தம். பத்து மாதம் தறி சும்மா கிடக்க முடியாதே, உட்காரவைத்திருந்தார்கள். அவள் உடனே எழுந்து எனக்கு இடம் விட்டாள். நான் உட்கார்ந்தேன். அவர் "ம்" சொன்னது கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன், வாய் அசைந்ததும் போட்டேன், பிந்திவிட்டது. அடுத்ததில் முந்திவிட்டது. இரண்டு விரற்கடை நெய்வதற்குள் உடலும் கரையும் சேருகிற இடத்தில் ஓட்டை ஓட்டையாக விழுந்தது. அவர் அடிக்கிற பலகையை நிறுத்திவிட்டு ஊடையைப் பிரிக்க ஆரம்பித்தார். நான் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகுதான் பட்டணத்து ஆஸ்பத்திரியில் காதுக்குச் சேர்த்தார்கள். பத்து நாள். அவர் சேர்த்துவிட்டுத் தறிக்குத் திரும்பினார்.

காது ஆஸ்பத்திரியில் ஒரு வேடிக்கை உண்டு. பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பெஞ்சு நிறையச் செவிடர்கள் உட்கார்ந்திருக்க, ஒருவர் கதவைத் திறந்து, கையிலுள்ள சீட்டைப் பார்த்துக்கொண்டே உதட்டை அசைத்துவிட்டு மூடிவிடுவார். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன். நேரில் பார்த்தது அங்கேதான். என் முறை இரண்டு நாள் அப்படியே போயிற்று. மூன்றாம் நாள் கதவை ஒட்டி நின்றுகொண்டு, அவர் திறக்கும்போதெல்லாம் என் சீட்டை அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். கோபமாக ஏதோ சொன்னார். கேட்கவில்லை, அதனால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

பெஞ்சில் அத்தனை பேருக்கும் ஒரே குறை. ஆனால் ஒருவரோடு ஒருவர் பேச முடியாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டுக் குனிந்துகொள்வோம். ராத்திரிகளைப் பற்றி எழுதப்போவதில்லை. விளக்கை அணைத்தால் செவிடிக்கு உதடும் தெரியாது, அவ்வளவுதான்.

சோதனை அறை ஒரு சின்ன அறைக்குள் இன்னொரு சின்ன அறை. சுவரெல்லாம் மெத்தை மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. தலையில் இரண்டு கிண்ணம் வைத்த வளையத்தை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். "சத்தம் கேட்டால் அழுத்துங்கள்" என்று எழுதின அட்டையைக் காட்டினார் சாமுவேல் சார். அவர்தான் சோதனைக்காரர், மூக்குக்கண்ணாடி போட்ட நடுவயசுக்காரர். கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம், மிஷினுக்கு முன்னால் பக்கவாட்டில் உட்கார்ந்தார். நான் பயந்துபோயிருந்தேன். செவிடு என்று எழுதிவிட்டால் தறி இடம் போய்விடும். எப்படியாவது பாஸ் ஆகிவிட வேண்டும் என்று மட்டும் தெரிந்தது.

அழுத்தினேன். மறுபடி அழுத்தினேன். நன்றாகத்தான் அழுத்தினேன் போலிருக்கிறது. சார் தலையை ஆட்டி ஆட்டிக் குறித்துக்கொண்டார்.

பத்தாம் நாள் என் வீட்டுக்காரர் வந்தபோது, பெரிய டாக்டர் அந்தக் காகிதத்தை அவருக்குக் காட்டி நெடுநேரம் பேசினார். பேசும்போது இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என்ன பேசினார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மல்லிகா என் மகளின் சிலேட்டில் எழுதிக் காட்டினாள். "காது நல்லாத்தான் இருக்காம். கேக்காத மாதிரி இருக்கறது மனசுல எதனா இருக்கறதாலயாம். வீட்டுல சண்டையான்னு கேட்டாராம்."

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஸ்ரீபெரும்புதூரில் பஸ் நின்றது. வெளியே பார்த்தபடியே ஏதோ சொன்னார். தாடை அசைந்தது மட்டும் தெரிந்தது. "இன்னாங்க?" என்றேன். அவர் திரும்பவில்லை. மறுபடி கேட்டேன். மறுபடியும் திரும்பவில்லை.

வீட்டில் சோதனை தொடர்ந்தது. கண்ணாடி ஜன்னலும் கிண்ணமும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மாமியார் என் முதுகுக்குப் பின்னால் வந்து பித்தளைச் சொம்பைத் தரையில் போட்டார்கள். தூக்கிவாரிப் போட்டது எனக்கு. "பாத்தியா! கேக்குதுடி இவளுக்கு!" என்று மல்லிகாவிடம் உதட்டை அசைத்து அவர்கள் கைதட்டியதைத் திரும்பிப் பார்த்தபோது கண்டேன். கேட்டதுதான், இல்லையென்று சொல்லவில்லை. கெட்டுப்போன காது அப்படித்தான். மெல்லப் பேசினால் கேட்காது. உரக்கப் பேசினாலும் கேட்காது. இன்னும் கொஞ்சம் உரக்கப் போனால் அறைந்தது போல விழும். நடுவில் கேட்கிற இடம் ரொம்பக் குறுகல். இதை அன்றைக்கு எனக்கே சொல்லத் தெரியாது, அவர்களுக்கு எங்கே சொல்வேன்? அந்த நாட்களில் வீட்டில் என்னிடம் யாரும் கத்திக்கூடப் பேசவில்லை. கத்தல் இருந்தபோது அலுத்துக்கொண்டேன். அது நின்ற பிறகு, பத்துப் பேர் இருக்கிற வீட்டில் நான் மட்டும் தனியாகக் குடியிருந்தேன்.

ஒருநாள் உச்சிவேளையில் முறத்தில் அரிசியோடு கூடத்து வாசற்படியில் நின்று, அவரும் மல்லிகாவும் நெய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கை வலித்தது. குனிந்து பார்த்தால், என் வலது கட்டைவிரல் முறத்தின் விளிம்பை அழுத்திக்கொண்டிருந்தது. விட்டு விட்டு, அளவாக. ஒவ்வொரு தடவை அவர் இடது தோள் ஏறும்போதும் விரல் தானாக அழுத்தியது.

முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். சாமுவேல் சார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பக்கவாட்டில்தான் உட்கார்ந்திருந்தார். மிஷினைத் தட்டும்போது அவர் தோளும் ஏறியது. ஏழு வருஷம் கோர்வை போட்டவளுக்கு எதிரே ஒரு தோள் ஏறினால் கை சும்மா இருக்குமா? சோதனையில் பாஸ் ஆனது என் காது அல்ல.

இதை வீட்டில் சொன்னால் இன்னொரு நாடகம் என்பார்கள். மல்லிகாவிடம் மட்டும் சொன்னேன். அவள் அரிசிப் பானையிலிருந்து, பஸ்ஸுக்கென்று சேர்த்து வைத்திருந்த தன் காசை எடுத்து என் கையில் வைத்தாள். சிலேட்டில், "போய்ட்டு வாங்க அக்கா. கேட்டா கோயிலுக்குன்னு சொல்லிக்கறேன்" என்று எழுதினாள். என் இடத்தில் உட்கார்ந்தவள் அவள். நான் செவிடு என்று நிரூபணமானால் அந்த இடம் அவளுக்கே நிலைக்கும், ஆனால் அந்த நினைப்பு அவளுக்கு வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

தனியாகப் பட்டணம் போனது அதுதான் முதல் தடவை. கண்டக்டர் கேட்பது கேட்காது என்பதால் ஏறும்போதே காசை நீட்டி ஊர்ப் பேரைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் சாமுவேல் சாரைப் பிடித்து, "சார், நான் உங்க தோளப் பாத்துத்தான் அழுத்தினேன்" என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கையால் நாடா போடுகிற மாதிரி செய்து காட்டினேன். அவர் தன் தோளைத் தானே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு அப்படி ஒரு சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் முகம் மாறிவிட்டது. என் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார். அதுவும் போதாதென்று ஜன்னலில் ஒரு துண்டை மாட்டினார்.

இந்தத் தடவை கையில் பொத்தானை வைத்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னுடைய மணி ரீங்காரம் மட்டும்தான் இருந்தது. எப்போதோ ஒருமுறை அழுத்தினேன். கடைசியில் அவர் கட்டம் போட்ட காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். கோடு இடது பக்கம் கொஞ்சம் மேலே இருந்து, வலது பக்கம் போகப் போகக் கிணற்றுப் படி மாதிரி இறங்கியது. கனத்த சத்தம் கொஞ்சம் கேட்கிறது, மெல்லிய சத்தம் கேட்கவே இல்லை என்று எழுதிக் காட்டினார். காதுக்குள் நத்தை ஓடு போல ஒரு சுருள் இருக்கிறதாம், அதில் மயிரிழை போன்றவை இருக்கின்றனவாம். ஊசி மருந்து நெஞ்சுக் கிருமியைக் கொல்லும்போது இவற்றையும் சுட்டுவிட்டது, போனது வராது. டாக்டர் கையெழுத்தோடு, எனக்குக் காது கேட்காது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

நான் அழுதேன். துக்கத்தில் இல்லை. செவிடு என்று எழுதி வாங்கிக்கொண்டு சந்தோஷத்தில் அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

காகிதத்தை வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். மடித்து, சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். மறுவாரம் மவுண்ட் ரோடு கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கல்யாணத்து ஜிமிக்கியைக் கழற்றிக் கொடுத்தேன். காதில் இருந்ததை விற்றுக் காதுக்கு வாங்கினோம்.

காது மிஷின் வந்துவிட்டால் பழையபடி கேட்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அதைப் போல ஏமாற்றம் வேறில்லை. அது காது அல்ல, வெறும் ஒலிபெருக்கி. எது வேண்டும், எது வேண்டாம் என்று அதற்குத் தெரியாது. பக்கத்தில் பேசுகிறவர் குரலையும் தெருமுனை டீக்கடை ரேடியோவையும் ஒரே தட்டில் கொண்டுவந்து கொட்டும். ரவிக்கைத் துணி உரசினால் ஓலைப்பாயைச் சுருட்டுகிற சத்தம். குமிழ் கொஞ்சம் தளர்ந்தால் கீச்சென்று விசிலடிக்கும். அது எனக்குக் கேட்காது, எதிரே இருப்பவர் முகம் சுளிப்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். கூடத்தில் நுழைந்தேனோ இல்லையோ, மூன்று தறியின் அடியும் மண்டைக்குள் விழுந்தது. கோர்வை எங்கே, நான் எங்கே? மறுபடி அடுப்பங்கரை.

பெட்டியின் ஓரத்தில் ஒரு சின்னச் சக்கரம் உண்டு, ஒன்றிலிருந்து ஏழு வரை எண். அதைத் திருப்பிச் சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். திருப்ப வேண்டுமென்றால் ரவிக்கைக்குள் கையை விட வேண்டும். இந்தக் கஷ்டம் அதைச் செய்த மகராசனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவன் சட்டைப் பை வைத்தவன். வைகாசிக் கருட சேவைக்கு ராஜ வீதியில் போய் நின்றேன். ஆசை, சாமி வரும்போது நாகசுரம் கேட்க வேண்டும் என்று. சக்கரம் ஐந்தில் இருந்தது. தவிலும் வெடியும் ஜனங்களின் கூச்சலும் ஒன்றாகச் சேர்ந்து என்மேல் இடிந்து விழுந்தன. சுற்றிலும் ஆண்பிள்ளைகள். ரவிக்கைக்குள் கையை விட்டுத் திருப்ப வெட்கம். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், கண்ணில் தண்ணீர் கொட்டியது. பக்கத்திலிருந்த அம்மாள் அதைப் பக்தி என்று நினைத்து என்னைக் கும்பிட்டாள். சாமி போனது எப்போது என்றே எனக்குத் தெரியாது.

அன்று மாலை மாமியார் தன் வெற்றிலைச் சுருக்குப்பையை உதறிக் காலி செய்து என்னிடம் கொடுத்தார்கள். என் இடுப்பைத் தொட்டுக் காட்டினார்கள். சொம்பு போட்ட கைதான் அது. அன்றிலிருந்து வெளியே போகும்போது பெட்டி இடுப்பில் தொங்குகிறது. வெற்றிலை எடுக்கிற சாக்கில் சக்கரத்தைத் திருப்புவேன். சாமுவேல் சாரிடம் இன்னொரு தடவை போனபோது, முதுகுப் பக்கம் இருந்த சின்னத் திருகாணியைத் திருப்பிக் கனத்த சத்தத்தைக் குறைத்துக் கொடுத்தார். தறியின் அடி கொஞ்சம் தணிந்தது. மெல்ல மெல்ல என் எண்கள் எனக்குப் பிடிபட்டன. ஒருவர் எதிரே உட்கார்ந்து பேசினால் மூன்று. சாப்பாட்டு வேளை, தறிகள் நின்ற பிறகு, நான்கு. தெருக்குழாயில் இரண்டு. கல்யாண வீட்டில் சுவர் மூலையாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, சத்தம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரும்படி பார்த்துக்கொண்டால் இரண்டு, மூன்று. தறிக்கு மட்டும் எந்த எண்ணும் சரிப்படவில்லை.

ஆவணியில் மல்லிகாவுக்கு ஏழாம் மாதம். இனி அவள் தறியில் குனிய முடியாது. ஐயம்பேட்டைக்கு அனுப்பிவிட்டார்கள். தறி இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் காலையில் நான் போய் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்தேன். அவர் மிஷினைக் காட்டி, கூட்டித் திருப்பு என்று சைகை செய்தார். நான் கீழே திருப்பினேன், சத்தம் நிற்கும் வரை. குமிழையும் காதிலிருந்து கழற்றினேன்.

"நீங்க சொல்ல வேணாம். தோளு போதும்" என்றேன்.

முகத்தைப் பார்த்ததால்தான் முன்பு கோர்வை தப்பியது. வாய் பிந்தும், தோள் பிந்தாது. தோள் ஏறியது, போட்டேன். ஏறியது, போட்டேன். மத்தியானத்துக்குள் ஒரு சாண். அவர் பலகையை நிறுத்தி, கோர்வை சேருகிற இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஓர் ஓட்டை இல்லை.

இடம் கிடைத்துவிட்டது. கேட்டது கிடைத்தவள் குறை சொல்லக் கூடாதுதான். ஆனாலும் எழுதிவிடுகிறேன்: அந்த இடத்தில் இருந்த பேச்சு கிடைக்கவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை அவர் தோளுக்கு இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறேன். அவர் பேசுகிறாரா, பாடுகிறாரா, சும்மா இருக்கிறாரா என்று தெரியாது. முகத்தைப் பார்த்தால் நாடா தப்பும். தோளை மட்டும் பார்க்கிறேன்.

இந்தப் பாவு தீருவதற்கு முந்தைய நாள், சாப்பாட்டு வேளையில் மூன்று தறியும் நின்றன. சாப்பிட்டு முடித்து மற்றவர்கள் கை கழுவப் போய்விட்டார்கள். நான் குமிழை மாட்டி, சக்கரத்தை நான்கில் வைத்தேன். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"அன்னிக்கு பஸ்ல, ஸ்ரீபெரும்புதூர்ல, இன்னா சொன்னீங்க?"

மறந்துவிட்டது என்று அவர் சொல்லியிருக்கலாம். நானும் நம்புகிற மாதிரி இருந்திருப்பேன். அவர் குழியிலிருந்து காலை எடுக்காமல் என் பக்கம் சாய்ந்தார். காதருகே வரவில்லை. என் நெஞ்சுக்கு நேராகக் குனிந்து, பெட்டி இருக்கிற இடத்தைப் பார்த்து, கத்தாமல், நிதானமாகச் சொன்னார். வேறு எந்தச் சத்தமும் இல்லாமல், ஓர் எழுத்து விடாமல், பழைய குரலிலேயே வந்து விழுந்தது.

"நடிக்காதடின்னு சொன்னேன்."

"கேட்டுச்சு" என்றேன்.

அவர் இன்னும் குனிந்தபடியே இருந்தார். தெருவில் யாரோ வாளியை வைத்தார்கள், அதுவும் கேட்டது. பிறகு மற்றவர்கள் கூடத்துக்குத் திரும்பி வந்தார்கள். முதல் தறி அடிக்க ஆரம்பித்தது. நான் சக்கரத்தைக் கீழே திருப்பி, குமிழைக் கழற்றி மடியில் வைத்தேன். அவர் தோள் ஏறியது. நாடாவைப் போட்டேன்.